1582 அக்டோபரில் 5-ஆம் தேதி எங்கே போனது?

ஐபோனில் காலண்டரைத் திறந்து, பொறுமையாகப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போய் 1582-ஆம் ஆண்டு அக்டோபரில் நிறுத்தினால் ஒரு வினோதம் கண்ணில் படும். 1, 2, 3, 4 வரை தேதிகள் ஒழுங்காக இருக்கும். அடுத்த கட்டத்தில் 15 என்று இருக்கும். நடுவில் பத்துத் தேதிகளைக் காணோம். இந்தத் திரையைப் படம்பிடித்து அனுப்பும் செய்திகள் அவ்வப்போது கிளம்பிச் சுற்றுகின்றன. "பத்து நாள் வரலாற்றை மறைத்துவிட்டார்கள்" என்கிறது ஒன்று. "மென்பொருள் கோளாறு" என்கிறது இன்னொன்று. இரண்டும் தவறு. ஐரோப்பாவின் சில நாடுகளில் அந்த மாதம் 5-ஆம் தேதி என்று ஒன்று உண்மையிலேயே வரவில்லை. ஆனால் அங்கே யாருடைய ஆயுளிலும் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

இது எப்படிச் சாத்தியம் என்று புரிந்துவிட்டால், 'உங்களுக்குத் தெரியுமா' வகையில் வரும் தேதி அதிசயங்களில் பெரும்பாலானவற்றின் முடிச்சும் அவிழ்ந்துவிடும். பிப்ரவரி 30 வந்த நாடு, ஒரே வாரத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை கண்ட ஊர், அக்டோபர் புரட்சியை நவம்பரில் கொண்டாடிய தேசம் எல்லாம் ஒரே கொடியில் காய்த்தவை.

முதலில் மூன்று சொற்கள்

1. நாள்: பூமி தன்னைத்தானே சுற்றி, சூரியன் மறுபடி உச்சிக்கு வர ஆகும் நேரம். இது இயற்கை கொடுத்தது. எந்த அரசரும் ஆணை போட்டு இதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

2. ஆண்டு: பருவங்கள் ஒரு முழுச் சுற்று வர ஆகும் காலம். இதன் நீளம் 365 நாள், 5 மணி, 48 நிமிடம், சுமார் 45 விநாடி. முழு எண்ணாக இல்லாமல் இப்படி மிச்சம் நிற்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர்.

3. தேதி: ஒரு நாளுக்கு மனிதர்கள் வைக்கும் பெயர். தெருவுக்குப் பெயர் மாற்றினால் பலகை மாறும். தெருவும் வீடுகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். தேதியை மாற்றுவதும் அப்படித்தான்.

1582-ல் மாறியது பெயர்ப்பலகை மட்டும்தான்.

சீசர் போட்ட கணக்கு

பழைய ரோமானிய ஆண்டுக்கு 355 நாள். பருவத்தோடு ஒட்டிப் போவதற்காகப் பூசாரிகள் அவ்வப்போது ஒரு மாதத்தை நடுவில் செருகுவார்கள். எப்போது செருகுவது என்பது அவர்கள் கையில் இருந்ததால், வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டு நீளும், வேண்டாதவர் இருந்தால் சுருங்கும். கடைசியில் மாதமும் பருவமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போய்விட்டன. ஜூலியஸ் சீசர் இதை ஒரே மூச்சில் சரிசெய்தார். விட்டுப்போன நாட்களையெல்லாம் சேர்த்ததில் கி.மு. 46-ஆம் ஆண்டு 445 நாள் நீண்டது. மறு ஆண்டு முதல், அலெக்சாண்டிரியாவைச் சேர்ந்த சொசிஜெனிஸ் என்ற வானியலாளரின் யோசனைப்படி ஆண்டுக்கு 365 நாள், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதல் என்று விதி வந்தது. இதைத்தான் ஜூலியன் காலண்டர் என்கிறோம்.

அந்தக் கூடுதல் நாள் அப்போது பிப்ரவரி 29 என்று வரவில்லை. பிப்ரவரி 24 இரண்டு முறை வந்தது. இன்னொரு தடுமாற்றமும் நடந்தது. சீசர் கொல்லப்பட்ட பிறகு, பூசாரிகள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையே லீப் ஆண்டு வைத்துக்கொண்டு வந்தார்கள். காரணம், ரோமானியர்கள் தொடங்கும் ஆண்டையும் சேர்த்து எண்ணுவார்கள். நாமும் அடுத்த வாரம் இதே கிழமையை 'எட்டாம் நாள்' என்கிறோமே, அதே பழக்கம்தான். பிறகு வந்த அகஸ்டஸ் சில லீப் ஆண்டுகளைத் தவிர்த்து அந்தப் பிசகை நேராக்கினார்.

சரி, ஜூலியன் கணக்கில் என்ன குறை? அது ஆண்டை 365 நாள் 6 மணி என்று எடுத்துக்கொண்டது. உண்மையான ஆண்டைவிட இது சுமார் 11 நிமிடம் அதிகம். பதினொரு நிமிடத்தை யாரும் பொருட்படுத்தப் போவதில்லை. ஆனால் அது ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே வந்தால் 128 ஆண்டில் ஒரு முழு நாள் ஆகிவிடும்.

பத்துத் தேதிகளை எடுத்த ஆணை

இந்தப் பிசகை முதலில் பெரிதாக உணர்ந்தது கிறிஸ்தவத் திருச்சபை. ஈஸ்டர் பண்டிகையின் நாள், பகலும் இரவும் சமமாக இருக்கும் வசந்த கால நாளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கி.பி. 325-ல் நைசியாவில் கூடிய பேரவையின் காலத்தில் அது மார்ச் 21-ஐ ஒட்டி வந்தது. 1582 வாக்கில் வானத்தில் அந்த நாள் மார்ச் 11-க்கே வந்துவிட்டது. காலண்டர் மட்டும் 21 என்று சொல்லிக்கொண்டிருந்தது.

தெற்கு இத்தாலியில் கலாப்ரியா பகுதியைச் சேர்ந்த லூயிஜி லிலியோ என்ற மருத்துவர் இதற்கு ஒரு தீர்வு எழுதி வைத்தார். அவர் 1576-ல் இறந்துவிட, அவருடைய சகோதரர் அதை ரோமில் சமர்ப்பித்தார். கிறிஸ்டபர் கிளாவியஸ் என்ற இயேசு சபைக் கணித அறிஞர் அதைச் சரிபார்த்து விளக்கினார். போப் 13-ஆம் கிரெகோரி 1582 பிப்ரவரி 24-இல் ஆணை பிறப்பித்தார். அதில் இரண்டு வேலைகள் இருந்தன.

1. பழைய பாக்கியைத் தீர்ப்பது. அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு அடுத்த நாளை அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை என்று அழைப்பது. கிழமை வரிசை அறுபடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2. புதுப் பாக்கி சேராமல் பார்த்துக்கொள்வது. நூற்றாண்டு முடியும் ஆண்டுகளில் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டு. அதனால் 1600, 2000 லீப் ஆண்டுகள். 1700, 1800, 1900 இல்லை. 400 ஆண்டில் 100 லீப் ஆண்டுகளுக்குப் பதில் 97. இப்போது பிசகு ஆண்டுக்கு அரை நிமிடத்துக்கும் குறைவு.

வாடகை, கடன் தவணை எல்லாம் என்ன ஆகும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. யாருக்கும் நட்டம் வராதபடி, கட்ட வேண்டிய கெடுவோடு பத்து நாளைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று ஆணையிலேயே எழுதியிருந்தார்கள்.

ஸ்பெயினில் ஆவிலா நகரத்துத் தெரேசா என்ற துறவி அக்டோபர் 4-ஆம் தேதி இரவு உயிர்விட்டார். மறுநாளே அடக்கம் நடந்தது. அந்த மறுநாளின் தேதி அக்டோபர் 15. அவருடைய திருநாளை இன்றும் அந்தத் தேதியில்தான் கொண்டாடுகிறார்கள்.

எல்லா போன்களிலும் இந்தத் தாவல் தெரியாது. சில செயலிகள் இன்றைய விதியையே பின்னோக்கி நீட்டி 5, 6, 7 என்று வரிசையாகக் காட்டிவிடும். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் காலண்டர் காட்டும் கட்டளை இன்னொரு கதை சொல்லும். அங்கே 1582 ஒழுங்காக இருக்கும். 1752 செப்டம்பரில் 2-க்கு அப்புறம் 14 வரும். ஏன் என்பதற்கு அடுத்த பகுதியில் பதில் இருக்கிறது.

ஒரே நாளுக்கு இரண்டு பெயர்

போப்பின் ஆணையை ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகியவை உடனே ஏற்றன. பிரான்ஸ் அந்த டிசம்பரில் ஏற்றது. புராட்டஸ்டன்ட் நாடுகளும் ஆர்த்தடாக்ஸ் நாடுகளும் மறுத்துவிட்டன. விளைவு, ஐரோப்பாவில் பல தலைமுறைகளுக்கு இரண்டு தேதிகள் பக்கத்துப் பக்கத்தில் புழங்கின. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கலேயிலிருந்து 20-ஆம் தேதி காலையில் படகேறியவர் இங்கிலாந்தின் டோவரில் அதே மாதம் 10-ஆம் தேதி மாலையில் இறங்குவார்.

இதை மறந்துவிட்டுப் பார்ப்பதால்தான் பல 'அதிசயப் பொருத்தங்கள்' முளைக்கின்றன.

ஷேக்ஸ்பியரும் ஸ்பெயினின் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 என்ற ஒரே நாளில் இறந்தார்கள் என்பது மிகவும் பிரபலம். உலகப் புத்தக நாள் ஏப்ரல் 23-இல் வருவதற்கும் இந்தத் தேதியே காரணம். ஆனால் ஸ்பெயின் புதுக் காலண்டரில் இருந்தது, இங்கிலாந்து பழையதில் இருந்தது. ஷேக்ஸ்பியர் இறந்த நாள் ஸ்பெயின் கணக்கில் மே 3. செர்வாண்டிஸ் ஏப்ரல் 22-இல் இறந்து 23-இல் அடக்கமானார் என்பதே ஆய்வாளர்கள் ஏற்கும் செய்தி. ஆக இருவருக்கும் இடையே பத்து நாளுக்கு மேல் இடைவெளி.

கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்பதும் இதே வகை. கலிலியோ 1642 ஜனவரி 8-இல் இறந்தார். இது புதுக் கணக்கு. நியூட்டன் 1642 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தார். இது பழைய கணக்கு. புதுக் கணக்கில் அது 1643 ஜனவரி 4. இருவரையும் எந்த ஒரே காலண்டரில் வைத்துப் பார்த்தாலும் ஆண்டு ஒன்றாக வராது.

நம் கடற்கரையிலும் இது நடந்தது. சென்னை ஆங்கிலேயர் கையில், அதனால் பழைய தேதி. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில், அதனால் புதுத் தேதி. 1746-ல் லபூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையிடம் புனித ஜார்ஜ் கோட்டை சரணடைந்த நாள் ஆங்கிலேயர் ஏட்டில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் ஏட்டில் செப்டம்பர் 21. சில நாள் நடைதூரத்தில் இருந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே பதினொரு தேதி வித்தியாசம். புதுச்சேரியில் 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை ஐரோப்பியத் தேதியோடு தமிழ் வருடம், மாதம், தேதியையும் சேர்த்தே குறித்து வைத்தார். இன்று அவர் எழுதியதைச் சரிபார்ப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

பிரிட்டன் 1752-ல் இறங்கி வந்தது. அதற்குள் வித்தியாசம் 11 நாளாகியிருந்தது, ஏனென்றால் 1700 பழைய கணக்கில் லீப் ஆண்டு, புதியதில் இல்லை. செப்டம்பர் 2 புதனுக்கு அடுத்து செப்டம்பர் 14 வியாழன். அதே சட்டத்தில் புத்தாண்டையும் மார்ச் 25-இலிருந்து ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். அதனால் இங்கிலாந்தில் 1751-ஆம் ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கி டிசம்பர் 31-இல் முடிந்து 282 நாளோடு நின்றது. நிதிக் கணக்கில் மட்டும் முழு ஆண்டுக்கு உரிய நாட்கள் குறையக் கூடாது என்று பார்த்தார்கள். மார்ச் 25-உடன் 11-ஐக் கூட்டினால் ஏப்ரல் 5. இன்றும் பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 5-இல் முடிந்து 6-இல் தொடங்குகிறது.

மற்ற நாடுகள் ஏறிவந்த விதம் இன்னும் விசித்திரம்.

1. சுவீடன் ஒரேயடியாகத் தாவாமல், 1700 முதல் 40 ஆண்டுக்கு லீப் நாட்களை விட்டுவிட்டு மெல்ல மெல்லச் சேரலாம் என்று திட்டமிட்டது. 1700-ல் ஒன்றை விட்டார்கள். அப்புறம் பெரும் வடக்குப் போர் வந்தது. 1704, 1708 இரண்டிலும் திட்டத்தை மறந்து லீப் நாளை வைத்துவிட்டார்கள். சுவீடனின் தேதி பழைய காலண்டரோடும் சேரவில்லை, புதியதோடும் சேரவில்லை. அரசர் 12-ஆம் சார்லஸ் பழையதற்கே திரும்ப முடிவு செய்து, விட்ட நாளை 1712-ல் சேர்த்தார். அது ஏற்கெனவே லீப் ஆண்டு. அதனால் அங்கே அந்த ஆண்டு பிப்ரவரி 30 வந்தது. 1753-ல்தான் பிப்ரவரி 17-க்கு அடுத்து மார்ச் 1 என்று முழுதாகத் தாவினார்கள்.

2. ஜப்பான் 1873 ஜனவரி 1 முதல் போப் கிரெகோரியின் புதுக் காலண்டருக்கு மாறியது. அதற்கு முந்தைய நாள் அவர்களுடைய பழைய காலண்டரில் 12-ஆம் மாதம் 2-ஆம் தேதி. பழைய கணக்கில் வரவிருந்த ஆண்டுக்கு அதிக மாதம் சேர்ந்து 13 மாதம். அரசு ஊழியர்களுக்கு மாதச் சம்பளம். கஜானா காய்ந்திருந்த அரசுக்கு ஒரு மாதச் சம்பளம் மிச்சம்.

3. ரஷ்யாவில் 1918-ல் ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. அதனால்தான் 1917-இன் அக்டோபர் புரட்சி நவம்பர் 7-இல் கொண்டாடப்பட்டது. பழைய கணக்கில் அது அக்டோபர் 25.

4. கிரீஸ் 1923-ல் மாறியது. ரஷ்யத் திருச்சபை உட்படச் சில திருச்சபைகள் இன்றும் பழைய கணக்கிலேயே இருப்பதால் அவர்களுடைய டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7.

கடலில் தொலைந்த நாள்

இதுவரை பார்த்தவற்றில் கிழமை எங்கும் பிசகவில்லை. ஆனால் கிழமையே பிசகிய சம்பவங்களும் உண்டு. அவற்றுக்குக் காரணம் வேறு: பூமி உருண்டை.

1522 ஜூலையில், மெகல்லனின் பயணத்தில் மிஞ்சிய ஒரே கப்பலான விக்டோரியா, பட்டினியோடு ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளில் ஒதுங்கியது. அரிசி வாங்கக் கரைக்குப் போனவர்கள் இன்று என்ன கிழமை என்று விசாரித்தார்கள். வியாழன் என்று பதில் வந்தது. கப்பலில் அன்று புதன். நாட்குறிப்பு எழுதிவந்த பிகாபெட்டா ஒரு நாள்கூட விடாமல் எழுதியவர், அவருக்குத் திகைப்பு. அவர் கணக்கில் தவறில்லை. மேற்கு நோக்கியே போய் உலகைச் சுற்றியவர்கள் சூரியன் போகும் திசையில் போனதால், அவர்களுடைய ஒவ்வொரு பகலும் கொஞ்சம் நீண்டது. மூன்று ஆண்டில் அந்தக் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்து ஒரு சூரிய உதயம் குறைந்துபோனது.

இந்த ஒரு நாளை எங்காவது ஓர் இடத்தில் கூட்டியோ கழித்தோ ஆக வேண்டும். அந்த இடத்தைத்தான் இப்போது சர்வதேசத் தேதிக் கோடு என்கிறோம். பசிபிக் கடலில் மனிதர்கள் கற்பனையில் போட்ட கோடு அது. ஒரு நாடு வணிக வசதிக்காகக் கோட்டின் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ மாறலாம்.

மெக்சிகோ வழியாகப் போன ஸ்பானியர்கள் பிலிப்பைன்ஸை அமெரிக்கத் தேதியிலேயே வைத்திருந்தார்கள். பக்கத்து ஆசிய நாடுகளோடு சேருவதற்காக அங்கே 1844 டிசம்பர் 31 நீக்கப்பட்டது. 1867-ல் ரஷ்யா அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றபோது காலண்டரும் மாறியது, தேதிக் கோட்டின் பக்கமும் மாறியது. அங்கே அக்டோபர் 6 வெள்ளிக்கு அடுத்த நாள் அக்டோபர் 18, மறுபடியும் வெள்ளி.

பசிபிக் தீவு நாடான சமோவா இந்தத் தேதிக் கோட்டை இரண்டு முறை தாண்டியது. 1892-ல் அமெரிக்காவோடு வணிகம் செய்ய அந்தப் பக்கம் போனது. அந்த ஆண்டு ஜூலை 4 இரண்டு நாள் வந்தது. பிற்காலத்தில் அதன் வணிகம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் திரும்பிவிட்டது. சிட்னியில் திங்கள் காலை கடை திறக்கும்போது சமோவாவில் ஞாயிற்றுக்கிழமை. சமோவாவில் வெள்ளிக்கிழமை வேலை நடக்கும்போது ஆக்லாந்தில் சனி விடுமுறை. வாரத்துக்கு நான்கு நாள்தான் பொதுவான வேலை நாள். அதனால் 2011 டிசம்பர் 29 வியாழன் நள்ளிரவு தாண்டியதும் டிசம்பர் 31 சனிக்கிழமைக்குப் போய்விட்டார்கள். டிசம்பர் 30 அங்கே வரவே இல்லை.

நம் வீட்டு தினசரி காலண்டரில்

தாள் கிழிக்கும் தினசரி காலண்டரில் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதியும் அதற்குக் கீழே தமிழ்த் தேதியும் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தில் இருப்பது முற்றிலும் வேறு வகைக் கணக்கு. இதில் லீப் ஆண்டே கிடையாது. சூரியன் ஒரு ராசிக்குள் நுழைவதை வைத்து மாதம் பிறக்கும். அடுத்த ராசிக்கு எப்போது போகிறதோ அப்போது அடுத்த மாதம். மிச்ச நேரம் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடுவதால் தனியாக ஒரு நாளைச் செருகத் தேவையில்லை.

மாத நீளங்கள் தாறுமாறாக இருப்பதற்கும் இதுவே காரணம். ஆனி மாதம் 31 அல்லது 32 நாள் வரும். மார்கழி 29 அல்லது 30. பூமி ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அப்போது அதன் வேகம் அதிகம். ஜூலை தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். அப்போது மெதுவாகப் போகிறது. அதனால் சூரியன் தனுசு ராசியைச் சீக்கிரம் கடக்கிறது, மிதுனத்தைக் கடக்க நேரமாகிறது. பூமியின் பாதை நீள்வட்டம் என்ற வானியல் உண்மை, மார்கழிக்கும் ஆனிக்கும் உள்ள அந்த வித்தியாசத்தில் அப்படியே பதிந்திருக்கிறது. ஜூலை, ஆகஸ்டுக்கு 31, பிப்ரவரிக்கு 28 என்பதெல்லாம் மனிதர்கள் பங்கிட்டது. நம் மாதங்களின் நீளத்தை வானம் தீர்மானிக்கிறது.

பொங்கல் ஏன் சில ஆண்டு ஜனவரி 14, சில ஆண்டு 15 என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரம் ஆண்டுக்குச் சுமார் 6 மணி தள்ளிப் போகும். லீப் ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் மறுபடி முன்னுக்கு வரும். அந்த நேரம் சூரியன் மறைவதற்குள் வந்தால் அன்றே தை 1, அதற்குப் பிறகு வந்தால் மறுநாள்.

இதற்குள் இன்னொரு மெதுவான நகர்வும் ஒளிந்திருக்கிறது. தமிழ் ஆண்டு நட்சத்திரங்களை ஆதாரமாகக் கொண்டது. வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கில் 365 நாள் 6 மணி 12 நிமிடம் சொச்சம். பருவங்களின் ஆண்டைவிட இது கிட்டத்தட்ட 24 நிமிடம் நீளம். பூமியின் அச்சு பம்பரத்தைப் போல் மெல்லத் தலையாட்டிக்கொண்டு சுமார் 26,000 ஆண்டில் ஒரு சுற்று வருவதுதான் இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம். 60 ஆண்டில் ஒரு நாள் தள்ளும். விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்று மகர சங்கராந்தி. இப்போது அது 14, 15-க்கு வந்துவிட்டது. உத்தராயணத்தின் தொடக்கமாக நாம் கொண்டாடும் நாளுக்கும், சூரியன் உண்மையிலேயே வடக்கு நோக்கித் திரும்பும் டிசம்பர் 21, 22-க்கும் இடையே இப்போது மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி. இயற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையிலான குழு பருவ ஆண்டை ஒட்டிய ஒரு தேசியக் காலண்டரை வகுத்துத் தந்து, அது 1957 மார்ச் 22 முதல் அரசிதழ்களில் இடம்பெறுகிறது. பண்டிகைகள் அதற்கு மாறவில்லை.

வாரத்தை மாற்றப் பார்த்தவர்கள்

மாதத்துக்கும் ஆண்டுக்கும் வானத்தில் ஆதாரம் இருக்கிறது. ஏழு நாள் வாரத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் அதுதான் அசைக்க முடியாததாக நிற்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-ல் பத்து நாள் வாரம் கொண்டுவந்தார்கள். பத்து நாளைக்கு ஒரு ஓய்வு யாருக்குப் பிடிக்கும்? 1806 தொடக்கத்தில் அந்தக் காலண்டரே போய்விட்டது. சோவியத் ஒன்றியம் 1929-ல் ஐந்து நாள் வாரம் வைத்து, தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி ஆளுக்கொரு நாள் விடுப்பு கொடுத்தது. இயந்திரம் நிற்காமல் ஓடியது. கணவனுக்கும் மனைவிக்கும் வெவ்வேறு நாளில் விடுப்பு. ஆறு நாள் வாரமும் வைத்துப் பார்த்துவிட்டு 1940-ல் ஏழுக்கே திரும்பினார்கள்.

இலங்கையில் நடந்தது இன்னும் அருகில். 1966 முதல் 1971 வரை அங்கே ஞாயிறு விடுமுறை இல்லை. நிலவின் கலைகளைப் பின்பற்றி வரும் போயா நாளும் அதற்கு முந்தைய நாளும் வார விடுமுறை. நிலவின் கால் பகுதி துல்லியமாக ஏழு நாள் இல்லாததால் சில வாரம் நீண்டது, சில வாரம் குறுகியது. வெளிநாட்டு வணிகத்துக்கு இது ஒத்துவரவில்லை என்று 1971-ல் பழைய முறைக்குத் திரும்பினார்கள். முழுநிலவுப் போயா இன்றும் அங்கே பொது விடுமுறை.

சுற்றிவரும் செய்திகளில் பொய் எது?

1. "இந்த மாதம் ஐந்து வெள்ளி, ஐந்து சனி, ஐந்து ஞாயிறு. 823 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். பத்துப் பேருக்கு அனுப்பினால் பணம் சேரும்." 31 நாள் உள்ள மாதம் வெள்ளியில் பிறந்தால் போதும், இது வந்துவிடும். 2025 ஆகஸ்ட், 2026 மே இரண்டும் அப்படிப்பட்டவை. 2027-ல் ஜனவரியிலும் அக்டோபரிலும் இரண்டு முறை வரும். 823 என்ற எண்ணுக்கே இடமில்லை. 400 ஆண்டில் 1,46,097 நாள். இது ஏழால் மீதமின்றி வகுபடும். அதனால் தேதியும் கிழமையும் சேர்ந்த முழு அமைப்பும் 400 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்பிவிடும். இதே கணக்கில் உண்மையான ஓர் ஆச்சரியம் கிடைக்கிறது: அந்த 400 ஆண்டில் வரும் 4,800 மாதங்களில் 13-ஆம் தேதி அதிகமாக விழும் கிழமை வெள்ளிதான், 688 முறை.

2. "அகஸ்டஸ் தன் மாதத்துக்காகப் பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கினார்." இது 13-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஒருவர் எழுதிவைத்த கதை. பிப்ரவரிக்கு அதற்குப் பல நூறு ஆண்டு முன்பே 28 நாள்தான். இரட்டைப்படை எண் ஆகாது என்று நினைத்த ரோமானியர்கள் மற்ற மாதங்களுக்கு ஒற்றைப்படை நாட்களைக் கொடுத்து, இறந்தோருக்கான சடங்கு மாதமான பிப்ரவரிக்கு மட்டும் 28-ஐ விட்டார்கள். சீசரும் அதைத் தொடவில்லை.

3. "பதினொரு நாளைத் திருப்பிக் கொடு என்று இங்கிலாந்தில் கலவரம் வெடித்தது." கலவரம் நடந்ததற்கு நல்ல சான்று இல்லை. ஓவியர் ஹோகார்த் ஒரு தேர்தல் காட்சியில் அந்த முழக்கத்தை ஒரு பலகையில் எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்கள் படத்தைச் செய்தியாக எடுத்துக்கொண்டார்கள்.

4. "செப்டம்பர் என்றால் ஏழு, டிசம்பர் என்றால் பத்து." இது பொய்யில்லை. பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் அவை 7, 8, 9, 10-ஆம் மாதங்கள். செப்டம், அக்டோ, நவம், டெசம் ஆகிய லத்தீன் எண்களைச் சப்த, அஷ்ட, நவ, தச என்ற வடமொழி எண்களோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மொழிக் குடும்பத்தின் கிளைகள் என்பதால் வந்த ஒற்றுமை.

1900-இன் பிழையும் 2100-இன் விதியும்

எக்செல் தாளில் ஒரு கட்டத்தில் 60 என்று எழுதி, அதைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை. 1900 லீப் ஆண்டு அல்ல. லோட்டஸ் 1-2-3 என்ற முந்தைய மென்பொருளில் இந்தப் பிழை இருந்தது. அதில் போட்ட கணக்குகள் குழம்பாமல் இருக்க வேண்டும் என்று எக்செல் தெரிந்தே அதை வைத்துக்கொண்டது. 1582-ன் விதியை 400 ஆண்டு கழித்து ஒரு மென்பொருள் தவறவிட, அது இன்றுவரை அலுவலகக் கணினிகளில் தொடர்கிறது.

நாலால் வகுபட்டால் லீப் ஆண்டு என்று மட்டும் தெரிந்துவைத்திருக்கும் நமக்கு இதுவரை சிக்கல் வரவில்லை. 2000-ல் அந்த எளிய விதியே சரியாக இருந்தது. அடுத்தது 2100. அந்த ஆண்டு பிப்ரவரி 28 ஞாயிறு, மறுநாள் மார்ச் 1 திங்கள். பழைய காலண்டருக்கும் நம் காலண்டருக்கும் உள்ள வித்தியாசம் அப்போது 14 நாளாகும். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸ் ஜனவரி 8-க்கு நகரும். 2096 பிப்ரவரி 29-இல் பிறக்கும் ஒரு குழந்தை, தான் பிறந்த தேதியைக் காலண்டரில் முதல்முறை பார்க்கும்போது அதற்கு எட்டு வயது முடிந்திருக்கும்.